துப்பாக்கிக் கட்டை: நேரா, வளைவா?

பயிர்க் காவலுக்கு உரிமம் பெற்றுத் தோட்டாத் துப்பாக்கி வாங்கும் விவசாயிகள் பலர் குழலையே பார்க்கிறார்கள். தோளில் அணைக்கும் கட்டையையும் பார்க்க வேண்டும். பொருந்தாத கட்டை குறியைத் தவற வைக்கும்.

கழுத்து நேராக உள்ள பழைய மாதிரிக் கட்டை, இரண்டு விசை உள்ள இரட்டைக் குழலுக்கு ஏற்றது. முன் விசையிலிருந்து பின் விசைக்குக் கை எளிதில் நகரும். ஒரே விசை உள்ள துப்பாக்கிக்கு, கழுத்தின் அடியில் வளைந்த 'பிஸ்டல் பிடி'க் கட்டை நல்லது. பிடி உறுதியாக இருக்கும்.

தோள்கட்டையே இல்லாமல் பிடி மட்டும் உள்ள துப்பாக்கி பார்க்க மிடுக்காக இருக்கலாம். வயலுக்கு அது ஆகாது. உதை முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். கன்னம் பதித்துக் குறி பார்க்க முடியாது. தவறிய ரவை அடுத்த வயலில் நிற்பவர் மீது பாயலாம்.

ஆகவே, தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தோளில் வைத்துப் பார்த்தே வாங்க வேண்டும். தூக்கியதும் கண் தானே குழலுக்கு நேராக வர வேண்டும். கட்டை நீளமானால், உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் குறைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: துப்பாக்கி உரிமம் வேட்டைக்கு உரிமம் அல்ல. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியையும் உரிய அனுமதியின்றிச் சுடக்கூடாது.