மலேசிய வெயிலில் கோட்டு எதுக்கு?

"கோலாலம்பூர்ல வருஷம் பூரா புழுக்கம். அங்க எவனாவது மூணு பீஸ் சூட் மாட்டிக்கிட்டு தெருவுல நடப்பானா? ஒரு லாஜிக் வேண்டாமா?"

'கபாலி' 2016 ஜூலை 22-ம் தேதி வந்ததிலிருந்து இந்தக் கேள்வியை எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஆபீஸ் நண்பர்கள், மாமனார் வீட்டு ஆட்கள், அப்பார்ட்மெண்ட் தமிழ்ச் சங்கத்து ஆட்கள் என்று எல்லோரும் கேட்டாயிற்று. இன்றைக்கும் டிவியில் அந்தப் படத்தைப் போட்டால் யாராவது ஒருத்தர் ஆரம்பித்துவிடுவார்.

சரி, நானும் ஒரு கேள்வி கேட்கிறேன். திருநெல்வேலியில் கத்திரி வெயில் நேரத்துக் கல்யாண ரிசப்ஷனுக்குப் போயிருக்கிறீர்களா? ஏசி இல்லாத மண்டபம். மாப்பிள்ளை கோட்டு, டை, ஷூவோடு மூன்று மணி நேரம் நின்று வேர்த்து வழிவார். அவரிடம் யாராவது லாஜிக் கேட்டோமா? ஏப்ரல் மாதம் ஹைகோர்ட்டு பக்கம் கறுப்புக் கோட்டோடு நடக்கும் வக்கீலிடம் கேட்டோமா? அங்கெல்லாம் கோட்டு எதற்கு என்பது நமக்கு நன்றாகவே தெரியும். கபாலியிடம் மட்டும்தான் வெயில் கணக்கு பார்க்கிறோம். அது ஏன் என்பதுதான் எனக்கு விஷயமாகப் படுகிறது.

முதலில் அந்தப் பேரைப் பாருங்கள். பழைய தமிழ்ப் படங்களில் கபாலி என்றால் யார்? வில்லனின் அடியாள். முகத்தில் ஒரு மரு, முறுக்கிய மீசை, கட்டம் போட்ட லுங்கி, கழுத்தில் ஒரு கர்ச்சீப். முதலாளி கோட்டு போட்டு பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "டேய் கபாலி" என்றதும் இவன் கும்பிட்டுக்கொண்டு வந்து நிற்பான். இதில் யாருக்கு மூளை, யாருக்கு வெறும் முஷ்டி என்பதை வசனமே இல்லாமல் உடுப்பே சொல்லிவிடும். பா.ரஞ்சித் இதைத்தான் பிடித்துக்கொண்டார். படத்தின் டீசரிலேயே ரஜினி அந்த மருவையும் மீசையையும் லுங்கியையும் வரிசையாகச் சொல்லி, அந்தக் கபாலி நான் இல்லை என்பார். நாம் விசில் அடித்தோம். வசனத்தில் பாதி தையல் கணக்கு என்பதை எத்தனை பேர் கவனித்தோமோ தெரியாது.

அந்தப் படத்துக்கு உடை வடிவமைத்தவர் அனு வர்தன். இவர்தான் 2007-ல் வந்த அஜித்தின் 'பில்லா'வுக்கும் உடை வடிவமைத்தவர். அதுவும் மலேசியாவில் நடக்கும் தாதா கதை, அதிலும் கோட்டு சூட்டு, கறுப்புக் கண்ணாடி. ஒரே கை, ஒரே ஊர், ஏறத்தாழ ஒரே தொழில் செய்யும் கதாநாயகன். ஆனால் பில்லாவின் கோட்டைப் பார்த்தால் "ஆஹா, என்ன ஸ்டைல்" என்று தோன்றும். அதோடு சரி. (தப்பில்லை. நானும் அந்தக் கண்ணாடி மாதிரி ஒன்று வாங்கி, வீட்டில் அம்மணி சிரித்த சிரிப்பில் பீரோவில் வைத்தவன்தான்.) கபாலியின் கோட்டு அப்படி இல்லை. அது எதிரில் இருப்பவனுக்குச் சொல்லும் பதில். இருபத்தைந்து வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டு வருகிற மனுஷன் வெளியே நடந்து வரும்போதே முழு சூட்டில் வருகிறார். நரைத்த தாடியை மறைக்கவில்லை. கடைசியில் வில்லனுக்கு அவர் சொல்லும் பதிலும் அதுதான்: நான் கோட்டு போடுவதும், கால் மேல் கால் போட்டு உட்காருவதும் உனக்கு உறுத்தினால் நான் அதையேதான் செய்வேன் என்று.

ரஜினிக்குக் கோட்டு புதிதில்லை. 1975-ல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் கேட்டைத் திறந்துகொண்டு வரும்போதே தாடியும் கசங்கின கோட்டுமாகத்தான் வந்தார். அதற்கு முன்னால் நம்ம பெங்களூரில் பி.டி.எஸ். பஸ்ஸில் காக்கி போட்ட கண்டக்டர். 1995-ல் 'பாட்சா'வில் இரண்டையும் சேர்த்தார்கள். ஆட்டோக்காரர் மாணிக்கத்துக்குக் காக்கி, பம்பாய் தாதா பாட்சாவுக்குக் கோட்டு. அங்கே கோட்டு என்பது விட்டு வந்த பாவம், காக்கி என்பது நல்லவனாக அடங்கி இருப்பது. யோசித்துப் பார்த்தால் எனக்கு அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. உழைக்கிறவன் அடக்கமாகக் காக்கியில் இருந்தால்தான் நமக்குப் பிடிக்கும் போல. கபாலி அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டது.

இது தமிழ்ப் படத்துக்கு மட்டும் உள்ள சமாசாரமும் இல்லை. 1971-ல் வந்த 'கெட் கார்ட்டர்' என்ற ஆங்கிலப் படம். மைக் ஹாட்ஜஸ் எடுத்தது. மைக்கேல் கெய்ன் லண்டனிலிருந்து ரயிலேறி, தான் பிறந்த நியூகாசிலுக்குப் போவார். நிலக்கரியும் தொழிற்சாலையுமான ஊர். அந்த ஊருக்குள் கச்சிதமாகத் தைத்த மூணு பீஸ் சூட்டில், சுருக்கம் விழாமல் நடப்பார். தைத்தவர் டக்ளஸ் ஹேவர்ட் என்ற லண்டன் தையல்காரர். கெய்னின் அப்பா மீன் மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். அந்தச் சூட்டு ஒரு உழைப்பாளி வீட்டுப் பையனின் உடம்பில் உட்காரும்போது அதில் ஒரு திமிர் வருகிறது பாருங்கள், அதைப் பிரிட்டிஷ் ஆண்களின் உடைக்கே உதாரணமாகச் சொல்லி இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இந்தியாவில் அந்தத் திமிரை நாம் "ஓவர் பில்டப்" என்கிறோம்!

கபாலியில் காந்தி சட்டையைக் கழற்றியதையும் அம்பேத்கர் கோட்டு போட்டதையும் சேர்த்துச் சொல்லும் இடம் ஒன்று வரும். அதை வைத்து அப்போது பெரிய சண்டையே நடந்தது. எனக்கு அதில் சண்டை போட ஒன்றும் தெரியவில்லை. காந்தி 1921 செப்டம்பர் 22-ம் தேதி நம்ம மதுரையில்தான் அரைவேட்டிக்கு மாறினார். 1931-ல் லண்டனில் ராஜாவைப் பார்க்கவும் அதே உடுப்பில் போனார். ஆனால் அவர் பாரிஸ்டர். லண்டனில் கோட்டு போட்டுப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கழற்றியவர். கழற்றுவதற்கு முதலில் ஒன்று இருக்க வேண்டும் இல்லையா?

அம்பேத்கர் கதை வேறு. வங்கித் தேர்வுகளுக்குப் படித்தவர்களுக்கு ஹில்டன் யங் கமிஷன் ஞாபகம் இருக்கும். 1935-ல் ரிசர்வ் வங்கி வந்ததற்கு அதன் சிபாரிசுதான் அடிப்படை. அந்தக் கமிஷன் முன்னால் போய் சாட்சியம் சொன்னவர்களில் அம்பேத்கர் ஒருவர். ரூபாயின் பிரச்சினை பற்றி 1923-லேயே புத்தகம் போட்டவர். அவரே 1917-ல் கொலம்பியாவில் படித்துவிட்டு பரோடாவில் வேலைக்குப் போனபோது தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. ஒரு பார்சி சத்திரத்தில் தங்கினார், சாதி தெரிந்ததும் தடியோடு வந்து விரட்டினார்கள். ஆபீஸ் பியூன்கள் ஃபைலைத் தொட்டுக் கொடுக்காமல் தூக்கிப் போட்டார்கள். அதாவது, கோட்டு அவரைக் காப்பாற்றவில்லை. இருந்தும் கடைசி வரை கழற்றவில்லை. ஏன் என்பதற்கு ஆளாளுக்கு விளக்கம் சொல்வார்கள். ஊருக்கு ஊர் நிற்கும் அவர் சிலையில் நீலக் கோட்டு இல்லாமல் ஒன்றாவது பார்த்திருக்கிறீர்களா? ஜனங்களுக்குப் புரிந்திருக்கிறது.

அதற்காகக் கோட்டு போட்டவனெல்லாம் தலை நிமிர்ந்தவன் என்று நான் சொல்லவில்லை. கல்யாண ஊர்வலத்தில் பேண்டு வாசிப்பவர்கள் போடும் சிவப்புக் கோட்டைப் பாருங்கள். ஸ்டார் ஓட்டல் வாசலில் கதவு திறப்பவர் கோட்டைப் பாருங்கள். நல்ல துணிதான், பளபள பித்தளைப் பொத்தான்தான். ஆனால் அளவெடுத்தவனும் வேறு, காசு கொடுத்தவனும் வேறு. போட்டிருப்பவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

ரஞ்சித்துக்கும் இது தெரிந்தே இருக்கிறது. 2024-ல் வந்த 'தங்கலான்' நம்ம பெங்களூரிலிருந்து நூறு கிலோமீட்டரில் இருக்கும் கோலார் தங்கவயல் கதை. அதில் விக்ரம் வெள்ளைக்காரன் உடுப்பில் ஊருக்குத் திரும்புவார், பெண்கள் முதல் முறையாக ரவிக்கை போட்டுப் பார்ப்பார்கள். அந்த இடத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் அந்த உடுப்பு துரையால் வந்தது, துரையின் வேலைக்காக வந்தது. கபாலியின் கோட்டு யாரும் கொடுத்ததில்லை. மலேசியத் தோட்டங்களில் நம்மவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதற்கு ஒரே ஒரு செய்தி சொல்கிறேன். 1941-ல் கிள்ளான் வட்டாரத்தில் ரப்பர் தோட்டத் தமிழர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கோரிக்கையில் கூலி உயர்வோடு இன்னொன்றும் இருந்தது: துரையும் கிராணியும் எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்த வேண்டும். அந்தச் சைக்கிளை மனதில் வைத்துக்கொண்டு கபாலி கால் மேல் கால் போடுவதைப் பாருங்கள். புழுக்கம் தெரியாது.

(படத்தில் ஒரு குறை உண்டு. மகள் யோகிக்குக் குட்டை முடியும் தாதா உடுப்பும் கொடுத்தார்கள், அருமை. குமுதவல்லிக்கு வந்தபோது மட்டும் வழக்கமான காத்திருக்கும் மனைவியின் புடவைக்கே போய்விட்டார்கள்.)

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் ராஜாஜிநகர் மெட்ரோ ஸ்டேஷனில் தலையில் மூட்டையோடு வந்த ஒரு விவசாயியை, உடுப்பு அழுக்கு என்று உள்ளே விடவில்லை. கையில் டிக்கெட் இருந்தது. கூட நின்ற பயணிகள் சண்டை போட்ட பிறகுதான் விட்டார்கள். அதே வருஷம் ஜூலையில் மாகடி ரோட்டு ஜி.டி. மாலில் மகனோடு சினிமா பார்க்க வந்த ஒரு பெரியவரைப் பஞ்சே கட்டியிருந்ததற்காகத் தடுத்தார்கள். கன்னடத்துப் பஞ்சே, நம்ம வேட்டி. பெரிய ரகளையாகி அந்த மாலையே சில நாள் மூட வைத்தார்கள். நம்ம பக்கமும் யோக்கியம் இல்லை. 2014-ல் சென்னையில் கிரிக்கெட் சங்க கிளப்பில் வேட்டி கட்டி வந்த ஹைகோர்ட்டு நீதிபதியையே திருப்பி அனுப்பினார்கள். அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் வந்தது. வேட்டிக்காக எல்லாக் கட்சியும் பேசியது. நல்லது. லுங்கிக்காக மட்டும் இன்று வரை யாரும் சட்டம் கேட்கவில்லை.

இதே பெங்களூரில் கோடிக்கணக்கில் முதலீடு வாங்கிய கம்பெனி முதலாளி ரவுண்டு நெக் டி-ஷர்ட்டும் அரை டிராயரும் ரப்பர் செருப்புமாக அதே மாலுக்குள் போவார். செக்யூரிட்டி சல்யூட் அடிப்பார். நம் பிள்ளைகளும் ஐ.டி. கம்பெனியில் சேர்ந்ததும் "அப்பா, ஃபார்மல்ஸ் எல்லாம் அங்கிள்ஸ் போடறது" என்கிறார்கள். போடட்டும், எனக்கு வருத்தமில்லை. ஆனால் அரை டிராயரில் போனாலும் மதிப்பார்கள் என்ற தைரியம் அவர்களுக்கு அவர்கள் தாத்தா, அப்பா பேண்டு சட்டை போட்டு, இன் பண்ணி, ஐம்பது வருஷம் சம்பாதித்துக் கொடுத்தது. முதல் தலைமுறையாக ஆபீஸ் வாசல் ஏறுகிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. காலையில் மாரிக்குப்பம் ரயிலில் தங்கவயலிலிருந்து வந்து இறங்கும் பையன்களைப் பாருங்கள், அயர்ன் மடிப்பு கலையாமல் இருப்பார்கள். அவர்களைப் பார்த்து "ஓவரா டிரஸ் பண்றான்" என்று சொல்பவர் பெரும்பாலும் டி-ஷர்ட்டில்தான் இருப்பார் :-)

நான் உட்காருவது கடன் பிரிவு. விண்ணப்பத்தில் உடுப்புக்கு மார்க் கிடையாது. வருமானம், திருப்பிக் கட்டும் சக்தி, அடமானம், சிபில் ஸ்கோர், அவ்வளவுதான். ஆனால் மார்க் போடாமலா இருக்கிறோம்? டையோடு வருகிறவரை முதலில் உட்காரச் சொல்லும் பழக்கம் எல்லாக் கிளையிலும் உண்டு. திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்து இங்கே கட்டட வேலை பார்க்கும் ஒரு மேஸ்திரி இருக்கிறார். மாதம் தவறாமல் தவணை கட்டுகிறவர். போன மாதம் மகளின் படிப்புக் கடன் விஷயமாக வந்தபோது கோட்டு போட்டு வந்தார். சாம்பல் நிறம், தோள் கொஞ்சம் இறங்கி இருந்தது, யாருடையதோ. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சாக்ஸோடு உள்ளே வந்தார். அடுத்த தடவை வரும்போது ஷூவோடயே உள்ளே வாங்கண்ணே என்று சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை கையெழுத்துக்கு வருகிறார்.