நிலாவெளியில் ஒரு கிழமை

திருக்கோணமலைக்குச் சுற்றுலாச் செல்வோருட் பலர், கோணேசரை வணங்கி, நிலாவெளியிற் கடலாடி, அன்று மாலையே மீள்கின்றனர். அப்பகுதியைக் காண ஒரு கிழமையேனும் வேண்டுமென்பது எமது துணிபு.

முதலிற் காலத்தை வகுத்தல் வேண்டும். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் கார்த்திகை, மார்கழியில் அக்கடல் கொந்தளிக்கும்; சித்திரை முதல் ஆவணி வரை குளம்போற் கிடக்கும்.

கோணேசர் மலைக்கு ஒரு நாள் முழுவதும் தகும். சம்பந்தர் பாடிய அத்தலத்தைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்தனர். 1963இல் மீண்டும் குடமுழுக்கு நிகழ்ந்தது. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கு ஒரு காலைப்பொழுது போதும். வெல்கம் விகாரையைத் தவறவிடலாகாது. சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர்பெற்ற அப்பௌத்தப் பள்ளியில் தமிழ்க் கல்வெட்டுகள் உள. நிலாவெளிக் கல்வெட்டோ, கோணேசர்க்கு 250 வேலி நிலம் அளித்த செய்தியைக் கூறுகின்றது. நாம் நீராடச் செல்லும் ஊர், கோயிலுக்குச் சோறிட்ட ஊர்.

புறாமலைத் தீவை இறுதியில் வைத்துக்கொள்க. 2003 முதல் தேசியப் பூங்காவாக விளங்கும் அத்தீவைச் சூழ்ந்த பவளப்பாறை உயிருள்ளது. ஒரு மிதியில் முறிவது மீள வளரப் பல்லாண்டு செல்லும். அவசரத்தில் வந்தவன் அதன்மேற் காலூன்றுவான். ஆறியிருந்தவன் மிதந்து பார்ப்பான்.

போரும், 2004இன் ஆழிப்பேரலையும் தாக்கிய கரை அது. படகும் உணவும் உறையுளும் அவ்வூரவரிடமே கொள்வோமாக. விருந்தினராய்ச் செல்வோர்க்கு அதுவே முறை.