ஜுரம் விட்ட நாளே ஜாக்கிரதை!

நாலைந்து நாள் டெங்கு ஜுரம் அடிக்கிறது. பிறகு சூடு தணிகிறது. "விட்டது பீடை" என்று மில் தொழிலாளி ஷிப்டுக்கு ஓடுகிறார். விவசாயத் தொழிலாளி நடவுக்கு இறங்குகிறார். ஆனால், பலருக்கு ஆபத்து தொடங்குவதே அப்போதுதான்!

டெங்கு என்றதும், "ரத்தத் தட்டணு எத்தனை?" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். ஈரலைப் பற்றிக் கேட்பவர் யார்? டெங்குக் கிருமி ஈரலின் உயிரணுக்களையே தாக்குகிறது. நோய் கடுமையானால் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிகிறது. ரத்த ஓட்டம் குன்றி ஈரல் மேலும் நலிகிறது. ரத்தம் உறைவதற்கான பொருள்களைத் தயாரிப்பதும் ஈரலே. அது நொடித்தால் ரத்தப்போக்கை நிறுத்துவது கடினம். சாதாரணமாக 40 யூனிட் அளவில் இருக்கும் ஈரல் நொதி 1000-ஐத் தொட்டால், அது கடுமையான டெங்கு என்பது உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வகுத்த விதி.

இந்த நிலையில், வேலைக்குப் போயாக வேண்டுமே என்று கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். பாராசிட்டமால் அளவு மீறினால் ஈரலுக்கே விஷம். டாக்டர் சொன்ன அளவில், ஆறு மணி நேர இடைவெளி விட்டே சாப்பிட வேண்டும். உடம்புவலி மாத்திரைகள் பலவற்றிலும் அதே மருந்து கலந்திருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. ஆஸ்பிரின், புரூஃபன், டைக்ளோபினாக் ஆகியவை ரத்தப்போக்கை உண்டாக்கும், தொடவே கூடாது. சாராயமும் ஆகாது.

கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி, மயக்கம் - இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

டெங்குக் கிருமியைக் கொல்லும் மருந்து இன்னும் இல்லை. ஓய்வும், நீராகாரமும், டாக்டரின் கண்காணிப்புமே வைத்தியம். அந்த ஓய்வுக்குக் கூலி கொடுப்பது யார்? 1948-ல் சட்டமாகி 1952-ல் தொடங்கிய ஈ.எஸ்.ஐ. திட்டத்தில், சந்தா விதிகளைப் பூர்த்தி செய்த தொழிலாளிக்கு நோய்க்காலத்தில் சம்பளத்தில் 70 சதவிகிதம் உண்டு. பதிவில்லாத காண்டிராக்ட் தொழிலாளிக்கு? வயலில் நாள்கூலிக்கு உழைப்பவருக்கு? ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் பட்டினி!

"ஓய்வெடு" என்று சீட்டு எழுதினால் மட்டும் போதாது. ஓய்வெடுக்கும் நாளுக்கும் அடுப்பு எரிய வேண்டும். காண்டிராக்ட் தொழிலாளியை ஈ.எஸ்.ஐ.யில் பதிவு செய்! விவசாயத் தொழிலாளிக்கும் நோய்க்கால உதவித்தொகை கொடு! கூலியோடு கூடிய ஓய்வு தருமமல்ல, அதுவும் மருந்தே.