பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை



பிறந்து மூன்று நாளான குழந்தையின் முகம் மஞ்சளாகத் தெரிந்தால், நம் வீடுகளில் மூன்று குரல்கள் எழும்பும். "எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான்" என்பார் ஆச்சி. "காலை வெயிலில் காட்டு" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. "ஜெபித்தாயிற்றே, இனி மருத்துவமனை எதற்கு?" என்பார் இன்னொருவர்.

ஆச்சியின் சொல்லில் பெரும்பகுதி உண்மை. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு இந்த மஞ்சள் தோன்றும். கருவில் மிகுதியாக இருந்த சிவப்பணுக்கள் உடையும்போது பிலிருபின் என்னும் மஞ்சள் பொருள் உண்டாகிறது. அதை வெளியேற்ற வேண்டிய கல்லீரலோ இன்னும் முதிரவில்லை. இரண்டாம், மூன்றாம் நாளில் தொடங்கி, ஐந்தாம் நாளளவில் உச்சமடைந்து, இரண்டு வாரத்துக்குள் மறைந்துவிடும். பெரியவர்களுக்கு வரும் தொற்றுக் காமாலை வேறு, இது வேறு. கீழாநெல்லி அரைத்துப் புகட்டுவதற்கு இங்கே இடமில்லை.

ஆனால் அளவு மிஞ்சும்போது, பிலிருபின் இரத்தத்தை விட்டு மூளைக்குள் நுழைகிறது. உடல் அசைவை நடத்தும் ஆழ்ந்த பகுதிகளிலும், செவி நரம்பின் பாதையிலும் படிந்து அவற்றைச் சிதைக்கிறது. கெர்னிக்டெரஸ் என்பது இதன் பெயர். உயிர் தப்பிய பிள்ளையின் கைகால்கள் தன் வசமின்றி முறுக்கி அசையும்; காது கேளாமற்போகலாம்; கண்களை மேல்நோக்கி உயர்த்த இயலாது. இவர்களில் பலருக்கு அறிவு மங்குவதில்லை என்பதே பெருந்துயரம். எல்லாம் விளங்கும், சொல்ல வாய் ஒத்துழையாது. சிதைந்ததைத் திரும்பக் கட்டும் மருந்து இன்றுவரை இல்லை.

தடுப்பதோ எளிது. 1956-ல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில், ஜீன் வார்டு என்ற செவிலியர் குறைமாதக் குழந்தைகளை வெயில் காய முற்றத்துக்கு எடுத்துச் செல்வது வழக்கம். ஒரு குழந்தையின் உடலில் துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாகவும், ஒளிபட்ட இடம் வெளுத்தும் இருந்ததை அவரே மருத்துவர்களுக்குக் காட்டினார். அதிலிருந்து பிறந்ததுதான் நீல ஒளிச் சிகிச்சை. அப்படியானால் பக்கத்து வீட்டு அக்கா சொன்னதும் சரிதானே என்பீர்கள். சரியல்ல. விளக்கின் கீழே குழந்தை ஆடையின்றி, கண்கள் மட்டும் கட்டப்பட்டு, இரவும் பகலும் பல மணி நேரம் கிடக்கிறது. தாராவிச் சந்தில் பத்து நிமிடம் எட்டிப் பார்க்கும் வெயில் அதற்கு ஈடாகாது.

நம் வீடுகளில் இன்னொரு சங்கடமும் உண்டு. பகலிலும் விளக்கெரியும் ஒற்றை அறையில் இந்த மஞ்சள் கண்ணுக்குப் புலப்படாது. சுகப்பிரசவமானால் ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்; உச்சமடையும் நாட்களில் குழந்தை நம் கையில்தான் இருக்கிறது. ஆகவே தினமும் வாசலுக்குக் கொண்டுவந்து, பகல் வெளிச்சத்தில் நெற்றி, மார்பு, வயிறு, கால் என்று விரலால் மெல்ல அழுத்தி எடுத்துப் பாருங்கள். கறுத்த பிள்ளையானால் ஈறையும் கண்ணின் வெள்ளையையும் பாருங்கள். மஞ்சள் தலையிலிருந்து கீழ்நோக்கி இறங்கும். உள்ளங்காலை எட்டிவிட்டால் ஆபத்து. பிறந்த 24 மணி நேரத்துக்குள் தோன்றினாலும் ஆபத்து. பால் குடியாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, கீச்சென்று அழுது உடலை வில்லாக வளைத்தாலோ, ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

தாராவி, மாட்டுங்கா மக்களுக்குச் சயான் லோகமான்ய திலக் மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் 1989-ல் ஆசியாவிலேயே முதலாவது தாய்ப்பால் வங்கியைத் தொடங்கியது அங்கேதான். பாலைப் பற்றிச் சொல்லக் காரணமுண்டு: வயிறு நிறையாத பிள்ளைக்கு மஞ்சள் ஏறும். சர்க்கரைத் தண்ணீரும் தேனும் வேண்டாம். தாய்ப்பாலையே நாளொன்றுக்கு எட்டுத் தடவைக்குக் குறையாமல் கொடுங்கள்.

மூன்றாவது குரலுக்கு வருகிறேன். ஜெபியுங்கள், போதகரையும் அழையுங்கள். ஆனால் அவர் வருமட்டும் வீட்டில் காத்திராமல், மருத்துவமனைக்கே வரச் சொல்லுங்கள். எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு அத்திப்பழத்தை வைத்துக் கட்டச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசியே அல்லவா?

பிரசவத்துக்குத் திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் போகிற சகோதரிகள் இரத்த வகைச் சீட்டைக் கையோடு கொண்டு போங்கள். தாய் நெகட்டிவ், பிள்ளை பாசிட்டிவ் என்றால், 72 மணி நேரத்துக்குள் போடும் ஆன்டி-டி ஊசி அடுத்த பிள்ளையைக் காக்கும். தாய் 'ஓ' வகையானால் பிள்ளையைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பெட்டியில் பூச்சி உருண்டை போட்டு வைத்த பழந்துணியைக் குழந்தைக்கு உடுத்தாதீர்கள். பிறவியிலேயே ஒரு நொதி குறைந்த பிள்ளைகளுக்கு அந்த உருண்டையின் நெடியே சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் மாறாமல், மலம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் அது பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கான அறுவைச் சிகிச்சை இரண்டு மாதத்துக்குள் நடந்தால்தான் பலன் மிகுதி. ஊரிலிருந்து திரும்ப டிக்கெட் கிடைக்கட்டும் என்று காத்திராமல், அங்கேயே குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.