இரண்டாவது டிக்கெட்

சிம்பாங் அம்பாட் என்றால் நாற்சந்தி. வடக்கே போனால் ஜூரு, தெற்கே போனால் சுங்கை பாக்காப்பும் நிபோங் திபாலும், மேற்கே திரும்பினால் பத்து காவான் தொழிற்பேட்டை, அதையும் தாண்டினால் தீவுக்குப் போகும் 24 கிலோமீட்டர் நீளப் பாலம். விடியுமுன் தோட்டப் பிரட்டுக்கு ஆள் கூடிய வட்டாரம் இது. இப்போது அதே நேரத்தில் ஷிப்டு பேருந்துகள் ஆளை ஏற்றிக்கொண்டு போகின்றன. வழி நாலாகப் பிரியும் ஊரில் பேச்சும் நாலாகப் பிரிவதில் வியப்பில்லை. அண்மையில் ஓர் ஒட்டுக்கடையில் தொடங்கிய பேச்சு நிலவு வரை போய்விட்டது.

ஒரு பக்கம் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். எதிரே, தொழிற்சாலைச் சட்டையோடு வந்து உட்கார்ந்த இளைஞர். அமெரிக்காவும் சீனாவும் நிலவுக்கு ஆள் அனுப்பப் போட்டி போடுவதாகத் தொலைக்காட்சியில் ஓடிய செய்திதான் ஆரம்பம்.

"மனுஷன் எதுக்கு சார் போகணும்? எங்க லைன்லயே பாதி வேலைய ரோபோட்தான் பாக்குது. அதுக்குச் சோறு வேணாம், காத்து வேணாம், திரும்பி வரவும் வேணாம்" என்றார் இளைஞர்.

ஆசிரியர் தே தாரிக்கை ஒரு வாய் உறிஞ்சினார். "நம்ம ஆளு மேல போனப்ப நீ என்ன படிச்சிக்கிட்டு இருந்த தம்பி?"

"ரெண்டாம் ஆண்டு, சார். மறுநாள் அசெம்பிளியில கைதட்டினோம்."

அந்த 'நம்ம ஆள்' போனது 2007 அக்டோபர் 10, மலேசிய நேரப்படி இரவு 9.22-க்கு. கசகஸ்தானின் பைக்கனூரிலிருந்து கிளம்பிய சோயுஸ் டிஎம்ஏ-11 கலத்தில் மூன்று பேர்: ரஷ்யாவின் யூரி மாலென்சென்கோ, அமெரிக்காவின் பெகி விட்சன், மலேசியாவின் எலும்பு மருத்துவர் ஷேக் முஸ்தபார் ஷுகோர். அது நோன்பு மாதம். ஒரு நாளில் பதினாறு முறை சூரியன் உதிக்கும் இடத்தில் எப்போது தொழுவது, எந்தத் திசை பார்ப்பது என்று சமய அறிஞர்கள் தனிக் கையேடே எழுதிக் கொடுத்திருந்தார்கள். புற்றுநோய்ச் செல்களையும் புரதப் படிகங்களையும் வைத்து அவர் சில சோதனைகள் செய்தார். பெருநாளுக்குச் சக வீரர்களுக்குச் சாத்தே பரிமாறினார். அக்டோபர் 21-ல் திரும்பும்போது அவர் ஏறிவந்த கலம் வழக்கத்தைவிடச் செங்குத்தாகப் பாய்ந்து, குறித்த இடத்துக்கு ஏறத்தாழ 340 கிலோமீட்டர் முன்பாகவே இறங்கியது. ஆள் பத்திரம். நாடே பெருமூச்சு விட்டது.

அந்த ஒரே இருக்கைக்கு 11,000 பேருக்கும் மேல் விண்ணப்பித்திருந்தார்கள். வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் நின்ற நால்வரில் ஒருவர் பெண்: வனஜா சிவா, இந்திய வம்சாவளிப் பொறியாளர். பயிற்சிக்கு ரஷ்யா போன இருவரில் அவர் இல்லை. போன இருவரில் பல் மருத்துவர் ஃபைஸ் காலிட் மாற்று ஆளாகக் காத்திருந்தார். அவருடைய முறை வரவேயில்லை. இன்றுவரை அடுத்த மலேசியர் யாரும் மேலே போகவில்லை.

இருக்கைக்கான காசு எங்கிருந்து வந்தது என்பது இந்தக் கதையின் சுவையான பகுதி. மலேசியா 2003-ல் ரஷ்யாவிடம் 18 சுகோய் போர் விமானங்கள் வாங்க ஒப்பந்தம் போட்டது. சுமார் 90 கோடி அமெரிக்க டாலர் வியாபாரம். அமெரிக்க விமானமும் போட்டியில் இருந்த சந்தையில் ரஷ்யா தன் சரக்கோடு சேர்த்துக் கொடுத்ததுதான் விண்வெளிப் பயணம். ரஷ்யாவும் அமெரிக்காவும் தங்கள் பதிவுகளில் அவரை 'விண்வெளிப் பயணப் பங்கேற்பாளர்' என்றே குறித்தன. அவர் விண்வெளி வீரரா, சுற்றுலாப் பயணியா என்று உள்ளூரில் வாய்ச்சண்டை நடந்ததற்கு இந்தச் சொல்லும் ஒரு காரணம்.

மலேசியாவை மட்டும் குறை சொல்வதற்கில்லை. வல்லரசுகள் ராக்கெட் இருக்கையைச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பும் சீர்வரிசைபோல் பயன்படுத்தியே வந்திருக்கின்றன. 1980-ல் சோவியத் யூனியன் வியட்நாமின் பாம் துவானை ஏற்றிச் சென்றது. விண்வெளி கண்ட முதல் ஆசியர் அவர். 1984 ஏப்ரலில் இந்தியாவின் ராகேஷ் சர்மாவுக்கு அந்தச் சீர் கிடைத்தது. மறு ஆண்டு அமெரிக்கா தன் பங்குக்குச் சவூதி இளவரசர் ஒருவரை டிஸ்கவரி விண்ணோடத்தில் ஏற்றியது. இந்தோனேசியாவின் பிரத்திவி சுடார்மோனோ 1986-ல் போகவேண்டியவர். சேலஞ்சர் வெடித்ததில் அவருடைய பயணம் கைவிடப்பட்டது. வனஜாவுக்கு இருபது ஆண்டு முன்பே, பக்கத்து நாட்டில் ஒரு பெண் வாசற்படி வரை போய்த் திரும்பியிருக்கிறார்.

ஷேக் முஸ்தபார் தரையிறங்கிய மூன்றாம் நாள், அதாவது 2007 அக்டோபர் 24 அன்று, சீனா சாங்'அ-1 என்ற ஆளில்லாக் கலத்தை நிலவுக்கு அனுப்பியது. ஓராண்டு கழித்து, 2008 அக்டோபர் 22-ல், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-1 கிளம்பியது. அதன் திட்ட இயக்குநர் பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. சீனாவும் இந்தியாவும் அங்கிருந்து எங்கே போய்ச் சேர்ந்தன என்பது ஊரறிந்த கதை. 2013-ல் சீனா நிலவில் இறங்கியது. 2019-ல் பூமிக்கு முகம் காட்டாத மறுபக்கத்தில் இறங்கியது. 2020-ல் 1,731 கிராம் மண்ணை அள்ளி வந்தது. 2024-ல் மறுபக்கத்திலிருந்தே 1,935 கிராம் கொண்டுவந்தது. எல்லாமே இயந்திரத்தின் கை வேலை.

"பாத்தீங்களா, நான் சொன்னதுதான்" என்று இளைஞர் இந்த இடத்தில் மேசையைத் தட்டினார். ஆனால் ஆசிரியரிடமும் சரக்கு இருந்தது.

சந்திரயான்-3 கொண்டுபோன பிரக்யான் ஊர்தி ஒரு நிலவுப் பகல் முழுக்க உழைத்து உருண்ட தூரம் சுமார் 100 மீட்டர். 1972 டிசம்பரில் அப்போலோ-17-ல் போன இருவர் தங்கள் வண்டியில் மூன்று நாளில் சுற்றியது 36 கிலோமீட்டர். செவ்வாயில் ஆப்பர்சூனிட்டி ஊர்தி 45 கிலோமீட்டர் ஓட 14 ஆண்டு ஆயிற்று. அந்த அப்போலோ-17 இருவரில் ஒருவர் ஹாரிசன் ஷ்மிட், நிலவுக்குப் போன ஒரே புவியியலாளர். சாம்பல் நிற மண்ணுக்கு நடுவே ஆரஞ்சு நிறம் அவர் கண்ணில் பட்டது. நின்றார், தோண்டினார், அள்ளினார். முந்நூறு கோடி ஆண்டுக்கும் முந்தைய எரிமலைப் பீய்ச்சலின் கண்ணாடி மணிகள் அவை. எங்கே தோண்டவேண்டும் என்று அவருக்கு யாரும் கட்டளை அனுப்பவில்லை. அப்போலோ ஆட்கள் மொத்தமாகக் கொண்டுவந்த கல்லும் மண்ணும் 382 கிலோ. அதே காலத்தில், 1970-ல், சோவியத்தின் லூனா-16 இயந்திரம் கொண்டுவந்தது 101 கிராம்.

ஹப்பிள் தொலைநோக்கியையும் சேர்த்துக்கொள்ளலாம். 1990-ல் மேலே போன பிறகுதான் அதன் ஆடி, மயிரிழையில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குத் தப்பாகத் தேய்க்கப்பட்டிருந்தது தெரிந்தது. 1993 டிசம்பரில் ஆட்கள் போய், ஐந்து முறை வெளியே மிதந்து வேலைசெய்து, அதற்குக் கண்ணாடி மாட்டிவிட்டு வந்தார்கள். அதன் பின்வந்த ஜேம்ஸ் வெப் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. அதில் திருகாணி ஒன்று கழன்றாலும் போய் முறுக்க ஆளில்லை.

ஆக, ஆளின் கைக்கும் கண்ணுக்கும் மதிப்பு உண்டு. அந்த மதிப்புக்கு விலையும் உண்டு. சந்திரயான்-3 திட்டத்துக்கு ஆனது சுமார் 615 கோடி ரூபாய். இந்தியா சொந்தமாக ஆள் அனுப்பத் தீட்டிய ககன்யான் திட்டத்துக்கு, விண்நிலையத்தின் முதல் பகுதியையும் சேர்த்து, ஒதுக்கீடு இப்போது 20,193 கோடி. முப்பது சந்திரயானுக்கு மேல் அனுப்பும் பணம். ஆளை அனுப்பினால் காற்றும் நீரும் அனுப்பவேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகத் திருப்பிக் கூட்டிவரவேண்டும். செலவின் பெரும்பங்கு இங்கேதான் போகிறது.

இவ்வளவு செலவை எந்த அரசும் அறிவியலுக்காக மட்டும் செய்ததில்லை. எதிரி முந்திவிடுவான் என்ற பயம்தான் பணப்பெட்டியைத் திறந்தது. 1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவின் தரையில் இருந்த நேரத்திலேயே, மண் அள்ளப் போன சோவியத்தின் லூனா-15 அங்கே மோதி நொறுங்கியது. போட்டி முடிந்தது. முடிந்ததும் பெட்டியும் மூடிக்கொண்டது. அப்போலோவின் மேலும் மூன்று பயணங்களை அடுத்த ஆண்டே அமெரிக்கா வெட்டியது. 1972-ல் கடைசி ஆள் ஏறிவந்த பிறகு, அரை நூற்றாண்டுக்கு மேல் நிலவில் காலடி இல்லை. போட்டி முதல் டிக்கெட்டை எப்படியாவது வாங்கித் தந்துவிடுகிறது. இரண்டாவது டிக்கெட்டுக்கு அதனிடம் காசு இருப்பதில்லை.

மலேசியாவுக்கு நேர்ந்ததும் இதுதான். ஆள் விஷயத்தில் மட்டுமல்ல, இயந்திர விஷயத்திலும்.

தென்கொரிய நிறுவனத்தோடு சேர்ந்து மலேசியர்கள் கட்டிய 180 கிலோ எடையுள்ள ராசாக்சாட் செயற்கைக்கோள், 2009 ஜூலை 14-ல் பசிபிக் கடலின் குவாஜலீன் தீவுக்கூட்டத்திலிருந்து மேலே போனது. ஏற்றிப்போன ராக்கெட் ஃபால்கன்-1. ஈலோன் மஸ்க்கின் ஸ்பேஸ்எக்ஸ், காசு கொடுத்த வாடிக்கையாளருக்காகச் சுற்றுப்பாதையில் வைத்த முதல் செயற்கைக்கோள் மலேசியாவுடையது என்பது பலருக்கு நினைவில் இல்லை. அந்த ராக்கெட் முதல் மூன்று முறை தோற்றது. நாலாம் முறை ஜெயித்தது. ஐந்தாம் முறை நம்முடையதைச் சுமந்தது. ராசாக்சாட்டோ ஓராண்டிலேயே செயலிழந்தது. 142 மில்லியன் வெள்ளி போட்ட திட்டம் ஏன் இப்படி ஆனது என்று தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை கேட்டது. கேள்வி நியாயமானது. ஆனால் அதன் பிறகு பேசப்பட்ட ராசாக்சாட்-2 வானத்தைப் பார்க்கவே இல்லை.

இதோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கது தென்கொரியாவின் வழி. மலேசியாவுக்கு ஆறு மாதம் பின்னால், 2008 ஏப்ரலில், யீ சோ-யோன் என்ற பெண்ணை அந்நாடும் ரஷ்ய சோயுஸில்தான் அனுப்பியது. அங்கேயும் இரண்டாவது ஆள் போகவில்லை. ஆனால் இயந்திரத்தை விடவில்லை. சொந்த ராக்கெட்டான நூரி 2021-ல் செயற்கைக்கோளைப் பாதையில் வைக்கத் தவறியது. எட்டு மாதத்தில், 2022 ஜூனில், மறுபடி ஏவி வைத்துக்காட்டினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நிலவுக்கும் கலம் அனுப்பினார்கள்.

ஆசிரியர் இரண்டு இரவுகளைப் பற்றிச் சொன்னார். 2019 செப்டம்பர் 7, இங்கே விடியற்காலை நாலரை மணி இருக்கும். சந்திரயான்-2 தரையிறங்குவதைப் பார்க்கத் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார். தரைக்கு 2.1 கிலோமீட்டர் இருக்கும்போது தொடர்பு அறுந்தது. திரையில் எல்லோர் முகமும் விழுந்துவிட்டது. இரண்டாவது இரவு 2023 ஆகஸ்ட் 23, நம் நேரப்படி 8.34. நான்கு நாளுக்கு முன்தான் ரஷ்யாவின் லூனா-25 அதே தென்துருவ வட்டாரத்தில் இறங்கப் போய் மோதியிருந்தது. சந்திரயான்-3 இறங்கி நின்றது. திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல்.

"விழுந்தத பாத்தேன், எழுந்தத பாத்தேன்" என்றார் ஆசிரியர். "நம்ம கோள் கெட்டுப்போனத மட்டும்தான் பேப்பர்ல படிச்சேன். அடுத்து என்ன ஆச்சின்னு படிக்கவே இல்ல."

இளைஞர் இப்போது கொஞ்சம் அடங்கிப் பேசினார். ஆளா, ரோபோட்டா என்ற பேச்சு அவருக்கே சலித்துவிட்டதுபோல் இருந்தது. அவர் வேலைசெய்யும் இடத்தில் தினமும் சில்லுகளைச் சோதித்து அடுக்குகிறார்கள். 1972-ல் பாயான் லெப்பாஸில் இன்டெல் கால்வைத்ததிலிருந்து பினாங்கு செய்து வரும் வேலை அது. இப்போது பாலம் தாண்டி இந்தக் கரைக்கும் வந்துவிட்டது. "எது காருக்குப் போவுது, எது மேல போவுதுன்னு எங்களுக்கு யாரும் சொல்றதில்ல சார்."

மேலே போவதைச் செய்யப் படிக்கும் இடம் தூரத்திலும் இல்லை. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் விண்வெளிப் பொறியியல் துறை இதே சாலையில் தெற்கே, நிபோங் திபால் வளாகத்தில்தான் இருக்கிறது. ராசாக்சாட்டுக்குப் பிறகு எதுவும் மேலே போகாமலும் இல்லை. 2018 நவம்பர் 29-ல் இந்தியாவின் பிஎஸ்எல்வி-சி43 ஏற்றிச் சென்ற முப்பது வெளிநாட்டுச் சிறு செயற்கைக்கோள்களில் மலேசியாவின் இன்னோசாட்-2-ம் ஒன்று. கைதட்ட அசெம்பிளி எதுவும் கூடவில்லை. 2022 ஜூன் 22-ல் தென்னமெரிக்காவின் கூருவிலிருந்து கிளம்பிய ஏரியன்-5 ராக்கெட் ஒன்றில் இரண்டு செயற்கைக்கோள்கள் ஒன்றாகப் போயின: ஒன்று மலேசியாவின் மியாசாட்-3டி, இன்னொன்று தமிழ்நாட்டு வீடுகளுக்கும் படம் காட்டும் இந்தியாவின் ஜிசாட்-24.

மியாசாட்டைப் பற்றிக் கடைக்காரருக்கும் ஒரு கருத்து இருந்தது. 1996-ல் முதல் மியாசாட் போய், அதே ஆண்டு ஆஸ்ட்ரோ தொலைக்காட்சி வந்து, அதன் தமிழ் அலைவரிசையான வானவில் தெரிய ஆரம்பித்தபோது, தோட்டத்தில் முதல் தட்டு வைத்த வீடு அவர் மாமா வீடுதானாம். ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு அங்கே உட்கார இடம் கிடைக்காதாம். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பத்து காவான் பக்கமிருந்து மழை இறங்கியது. திரையில் நிலவு கட்டம் கட்டமாக உடைந்து நின்றுபோனது. கடைக்காரர் தொலைக்காட்சியை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு தே தாரிக் கலக்கப் போனார்.