கறுப்பு பெல்ட்டுக்கு முன்பணமா?

பேகம்பூரிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கம் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. நாலு பக்கத்தில் மூன்று பக்கம் வெறும் கணக்குதான்! எனக்குப் படிக்கப் படிக்க சந்தோஷம். வரவு செலவை இப்படி உட்கார்ந்து எழுதிப் பார்க்கிற பெண்ணை எந்தக் கடைக்காரரும் சுலபத்தில் ஏமாற்றிவிட முடியாது.

விஷயம் இதுதான். மூத்த பெண்ணுக்கு ஒன்பது வயது. ஆறு மாதமாக கராத்தே வகுப்புக்குப் போகிறாள். மாதம் 700 ரூபாய். இப்போது அங்கே ஒரு புது ஏற்பாடு சொல்கிறார்களாம்: "மாதாமாதம் கட்டினால் ரெண்டு வருஷத்துக்கு 16,800 ஆகும், இப்பவே 15,000 கட்டிடுங்க, கறுப்பு பெல்ட் வரைக்கும் எங்க பொறுப்பு." அடுத்தது இவருடைய சொந்த விஷயம். கைக்குழந்தைக்கு ஏழு மாதம். உடம்பு பெருத்துவிட்டது, இடுப்பு வலி வேறு. பக்கத்திலேயே பெண்களுக்கு என்று தனி நேரம் வைத்திருக்கிற ஜிம்மில் மாதம் 1,000, வருஷ சந்தா என்றால் 8,000. ஆக ஒரே மாதத்தில் 23,000 ரூபாய் கையை விட்டுப் போக வேண்டும்.

வீட்டுக்காரருக்கு பூட்டுப் பட்டறையில் வேலை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்காக மாங்காய்ப் பூட்டு செய்கிறவர் வீட்டில் பணம் கொட்டுகிறது என்று அர்த்தமில்லை! அவர் "ரெண்டுல ஒண்ணு பாத்துக்க" என்று சொல்லிவிட்டார். மாமியார் சொன்னது: "பொம்பளப் புள்ளைக்கு கராத்தே எதுக்கு? எனக்கு ஆட்டுரல்தான் ஜிம்மு." ரெண்டில் எதை விடுவது என்று சகோதரி கேட்கிறார்.

முதலில் மாமியாருக்கு ஒரு வார்த்தை. அம்மா, உங்கள் ஊர் அப்படிப்பட்ட ஊர் இல்லை. உங்கள் பேட்டைக்கே ஒரு பெண்ணின் பெயர்தானே! ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் நினைவாகத்தான் பேகம்பூர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு, சிவகங்கை ராணி வேலு நாச்சியார் பெண் குழந்தையோடு வந்து தங்கியது உங்கள் பக்கத்து விருப்பாச்சியில்தான். ஹைதர் அலியின் உதவியோடு படை திரட்டி 1780இல் சீமையை மீட்டார். சிலம்பமும் வாளும் குதிரையும் பழகிய பெண். அந்த ஊர்ப் பேத்தி கை காலை வீசக் கற்றுக்கொள்வதில் என்ன குறை? ஆட்டுரலைப் பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அந்த வேலையைத்தான் இப்போது கிரைண்டர் செய்துவிடுகிறதே!

இனி கராத்தே கணக்கு. சகோதரி 16,800ஐயும் 15,000ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, '1,800 லாபம்' என்று அடிக்கோடு போட்டிருக்கிறார். ஆனால் மூன்றாவது பக்கத்தில் அவரே வேறு சில செலவுகளைத் தனித்தனியாக எழுதியிருக்கிறார். அதை ஏன் இதோடு சேர்க்கவில்லை? நான் சேர்த்துப் பார்த்தேன். வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே எட்டுத் தேர்வு, தேர்வுக்கு 800 வீதம் 6,400. வெள்ளை உடுப்பு 1,200. வளர்கிற பிள்ளை, அடுத்த வருஷம் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும், ஆக ரெண்டு செட் 2,400. வருஷத்துக்கு ரெண்டு போட்டி, ஒன்றுக்கு 1,000 வீதம் 4,000. எல்லாம் சேர்ந்தால் 27,800. இருபத்துநாலு மாதத்துக்கு வகுத்தால் மாதம் 1,158 ரூபாய்! 700 என்று நினைத்துச் சேர்த்த வகுப்பு இது. வெளியூர்ப் போட்டிக்கு பஸ் செலவும், கூடப் போகிற பெரியவர் சாப்பாடும், கறுப்பு பெல்ட் தேர்வின் தனிக் கட்டணமும் இதில் சேர்த்தி இல்லை.

மாஸ்டர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வாடகை, கரண்ட், விரிப்பு, எல்லாம் அவர்களுக்கும் செலவுதான். மாதக் கட்டணத்தைக் குறைவாக வைத்துவிட்டு தேர்வுக் கட்டணத்தில்தான் பல வகுப்புகள் வண்டி ஓட்டுகின்றன. அதை முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் நமக்கும் நிம்மதி, அவர்களுக்கும் மரியாதை. கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். புடவைக் கடையில் ஐம்பது ரூபாய்க்கு அரை மணி நேரம் பேசுகிற நாம், இங்கே மட்டும் மாஸ்டர் என்றதும் வாயைத் திறப்பதில்லை!

'ரெண்டே வருஷத்தில் கறுப்பு பெல்ட்' என்கிறார்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. இந்த பெல்ட் வழக்கம் ஜப்பானில் ஜூடோவிலிருந்து வந்தது. 1882இல் ஜூடோ பள்ளி துவக்கிய ஜிகோரோ கானோ, தேறிய மாணவனையும் புதியவனையும் பிரித்துக் காட்ட கறுப்பு பெல்ட்டைக் கொண்டுவந்தார். கராத்தே அதை அங்கிருந்து எடுத்துக்கொண்டது. நடுவிலுள்ள நிறங்கள் பின்னால் சேர்ந்தவை. டேக்வாண்டோவின் தலைமையிடமான கொரியாவின் குக்கிவோனில் பதினைந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு பெரியவர்களுக்கான கறுப்பு பெல்ட் தருவதில்லை. 'பூம்' என்று வேறு பட்டம், பாதி சிவப்பு பாதி கறுப்பு பெல்ட். குழந்தை நன்றாகச் செய்யவில்லை என்பதற்காக அல்ல. எலும்பும் புத்தியும் முற்ற வேண்டும் என்பதற்காக. உங்கள் பெண் தேறுவாளா இல்லையா என்று ரெண்டு வருஷம் முன்பே யாருக்குத் தெரியும்? பணம் வாங்கியாகிவிட்டது என்பதற்காக பெல்ட் கொடுத்தால் அது இடுப்பில் கட்டுகிற துணி, அவ்வளவுதான்.

இன்னொன்று. கராத்தேயில் சங்கங்கள் ஏராளம். எந்தச் சங்கத்தின் சான்றிதழ், அது பள்ளிகள் நடத்தும் போட்டிக்கு எடுபடுமா என்று பெண்ணின் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்கு நிச்சயம் தெரியும்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. வகுப்பு நடக்கும்போது தாய் உட்கார்ந்து பார்க்க இடம் இருக்கிறதா? கதவு திறந்திருக்கிறதா? பெண் உதவியாளர் இருக்கிறாரா? கையைப் பிடித்து, காலைத் தூக்கிச் சொல்லித் தருகிற கலை இது. நல்ல மாஸ்டர் தொடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத் தொடுவார். "பேரன்ட்ஸ் இருந்தா பிள்ளைங்க கவனம் சிதறும்" என்று வாசலோடு அனுப்புகிற இடத்துக்கு இலவசமானாலும் அனுப்பாதீர்கள். பெண் திடீரென்று "போக மாட்டேன்" என்றால் சோம்பல் என்று திட்டாமல் காரணம் கேளுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. அதைப் பெண்ணுக்கும் சொல்லி வையுங்கள்.

மொத்தமாகக் கட்டுவதா? என் பதில், வேண்டாம். மாஸ்டருக்கு வேறு ஊரில் வேலை கிடைக்கலாம், கட்டடக்காரர் காலி செய்யச் சொல்லலாம், பெண்ணுக்கே ஆறாவது மாதம் பரதநாட்டிய ஆசை வரலாம்! 1,800 ரூபாய் மிச்சத்துக்காக 15,000ஐ பணயம் வைக்க வேண்டாம். ஏற்கனவே கட்டிவிட்ட சகோதரிகள் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 'எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்பட மாட்டாது' என்று அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். 2019ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள சேவையை நிறுத்தி, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் சொல்லாவிட்டால் முப்பது நாளுக்குள், பணத்தைத் திருப்பித் தர மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை. வகுப்பையே மூடிவிட்டால் கேட்கவே வேண்டாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையுள்ள விவகாரத்துக்கு மனுக் கட்டணமே கிடையாது. நாமாக மனம் மாறி நிறுத்தினால் மட்டும் வழக்கு அவ்வளவு சுலபமில்லை.

கடிதத்தின் ஓரத்தில், ஞாயிற்றுக்கிழமை தெருமுனை மைதானத்தில் ஒரு ஆசான் சிலம்பம் சொல்லித் தருகிறார், மாதம் 300, பெண்ணுக்கு அதிலும் ஆசை என்று ஒரு வரி இருக்கிறது. ஓரத்தில் எழுத வேண்டிய விஷயமா அது! சிலம்பத்துக்கு ஒரு கம்பும், காலை மடக்க இடம் கொடுக்கிற ஒரு உடுப்பும் போதும். மதிப்பில்லாத கலை என்று நினைத்தால் அந்தக் காலம் போய்விட்டது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் சிலம்பம் உண்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. மாவட்ட விளையாட்டரங்கிலும் ஒரு தரம் விசாரியுங்கள். கோடை விடுமுறையில் அங்கே பயிற்சி முகாம்கள் நடப்பதுண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பெண்களுக்குத் தற்காப்புப் பயிற்சி என்று சமக்ர சிக்ஷா திட்டத்திலேயே இருக்கிறது. பள்ளிக்கு மாதம் 5,000 வீதம் மூன்று மாதத்துக்கு ஒதுக்கீடு. உங்கள் பெண் அந்த வகுப்புக்கு வரும்போது தலைமை ஆசிரியையிடம் ஞாபகப்படுத்துங்கள். பெற்றோர் கேட்டால்தான் சில விஷயங்கள் நகரும்.

சரி, ஜிம்முக்கு வருவோம். வருஷ சந்தாவின் ரகசியம் என்ன தெரியுமா? நாம் வர மாட்டோம் என்பதுதான்! நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் 7,752 உறுப்பினர்களை டெல்லாவின்யா, மால்மென்டியர் என்ற இரண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்து 2006இல் வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரி நாலு தடவைக்குச் சற்று அதிகமாகத்தான் போயிருக்கிறார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்திருக்கிறது. அதே ஜிம்மில் பத்து தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலர்தான். ஆசையில் கட்டிவிட்டு அசதியில் நின்றுவிடுவது எல்லா ஊரிலும் உண்டு.

உங்கள் கணக்கைப் பார்ப்போம் சகோதரி. வருஷத்துக்கு 8,000, மாதத்துக்கு 1,000. எட்டு மாதம் முழுசாகப் போனால்தான் கட்டுபடியாகும். நோன்பு மாதம் போக மாட்டேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கோடை விடுமுறையில் ஒன்றரை மாதம் அம்மா வீடு. அப்புறம் ரெண்டு கல்யாணம், கைக்குழந்தைக்குக் காய்ச்சல், மாதாந்திரத் தொந்தரவு. மிஞ்சுவது எட்டு மாதம் இருக்குமா? மாதாமாதம் கட்டுங்கள். நோன்புக்கு சந்தாவை நிறுத்தி வைத்து அப்புறம் நீட்டித் தருவீர்களா என்று எழுத்தில் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் அப்போது வருஷ சந்தாவை யோசிக்கலாம்.

பில் விஷயத்திலும் ஒரு ஜாக்கிரதை. ஜிம், யோகா நிலையம் போன்றவற்றுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். 8,000 ரூபாய் சந்தாவுக்கு முன்பு 1,440 வரி, இப்போது 400தான். பழைய கணக்கிலேயே கேட்டால் விடாதீர்கள். வருஷத்துக்கு 20 லட்சத்துக்குக் கீழே வரவுள்ள சின்ன நிலையங்கள் பதிவு செய்ய வேண்டியதே இல்லை. பதிவு எண் இல்லாதவர் வரி என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

உடம்பு விஷயம். ஏழு மாதம் ஆகிவிட்டதே என்று நேரே எடை தூக்கப் போக வேண்டாம். சிசேரியனா, சுகப்பிரசவமா என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் உங்கள் லேடி டாக்டரிடம் ஒரு தரம் காட்டி, வயிற்றுத் தசை நடுவில் பிரிந்திருக்கிறதா, தும்மினால் சிறுநீர் கசிகிறதா என்பதைச் சொல்லி யோசனை கேளுங்கள். அந்த இரண்டும் இருக்கும்போது வயிற்றுப் பயிற்சி என்று குனிந்து நிமிர்ந்தால் உபத்திரவம்தான் அதிகமாகும். ஜிம் பெண்ணிடமும் இதை மறைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு, பிரசவமான பெண்களுக்கு வாரம் 150 நிமிஷம் மிதமான பயிற்சி. நாளைக்கு அரை மணி வீதம் அஞ்சு நாள் வேக நடை நடந்தாலே வந்துவிடும். பாட்டுப் பாட முடியாது, ஆனால் பேச முடியும், அதுதான் மிதமான வேகம். பால் கொடுத்துவிட்டு, பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போங்கள். ஆட்டுரல் காலத்துக் கை அது, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும்!

ஆக, ரெண்டில் ஒன்றை விடச் சொல்லி நான் எழுதப் போவதில்லை. கராத்தே மாதம் 700, ஜிம் மாதம் 1,000, ரெண்டும் சேர்த்து மூன்று மாதத்துக்கு 5,100. இதை வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். 23,000க்கு முகம் சுளித்தவர் இதற்குச் சுளிக்க மாட்டார். காலண்டரில் போன நாளையெல்லாம் பேனாவால் சுழித்து வாருங்கள், பெண்ணுக்கு ஒரு நிறம், உங்களுக்கு ஒரு நிறம். மூன்றாம் மாதக் கடைசியில் யாருடைய சுழி குறைவோ அந்தச் செலவை நிறுத்திவிடலாம். உங்கள் சுழிதான் குறைவாக இருக்கும் என்று தோன்றினால் இப்போதே நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெண்ணுக்கு கராத்தேயும் சிலம்பமும் ரெண்டும் வேண்டாம், ஒரு மாதம் சிலம்பம் பார்க்கட்டும், எதற்கு அவளாகவே கிளம்புகிறாளோ அது.

கடிதத்தின் கடைசியில் பெண்ணே தன் கையால் எழுதியிருக்கிறாள்: "ஆன்ட்டி, கம்பு எவ்வளவு உயரம் வாங்கணும்?" கண்ணு, தரையில் நிற்க வைத்தால் உன் நெற்றிக்கு வர வேண்டும். ரொம்பக் கனமாக இருக்கக் கூடாது, மணிக்கட்டு வலிக்கும். ஆசானையே பார்த்து வாங்கித் தரச் சொல். நீ வளர்ந்துவிட்டால் பழைய கம்பைத் தூக்கிப் போட்டுவிடாதே, வீட்டில் இன்னொரு குழந்தை இருக்கிறதே!