பனியன் ஊருக்கு மின்கார் ஆகாதா?

"மின்காரெல்லாம் பெங்களூருக்கும் சென்னைக்கும் சரி, நம்ம திருப்பூருக்கு ஆகாது." காதர்பேட்டைக் கடைகளிலிருந்து அவிநாசி ரோட்டு ஏற்றுமதி அலுவலகங்கள் வரை இந்தப் பேச்சு ஒரே குரலில் கேட்கிறது. சொல்பவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். ஒரு டீ-ஷர்ட்டுக்கு எத்தனை கிராம் துணி போகும், நூல் கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறினால் ஆர்டரில் என்ன மிஞ்சும் என்பதை உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊர், காருக்கு மட்டும் கணக்குப் போடாமல், காதில் விழுந்ததை நம்பி மாதாமாதம் பெட்ரோல் பங்கில் பணத்தைக் கொட்டுகிறதே என்பதுதான் என் ஆதங்கம். மின்காருக்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். அவற்றில் சரியானது எது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

"சார்ஜ் பாதி வழியில் தீர்ந்துவிடும்"

திருப்பூர்த் தொழிலின் அமைப்பைப் பாருங்கள். நிட்டிங் ஓரிடம், சாயம் இன்னோரிடம், காம்பாக்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஜாப் ஒர்க் பட்டறையில் நடக்கிறது. ஒரு மெர்ச்சண்டைசரோ சிறு கம்பெனி முதலாளியோ காலையில் 15 வேலம்பாளையம், மதியம் வீரபாண்டி, பிறகு அருள்புரம், மாலையில் பெருமாநல்லூர் என்று சுற்றுகிறார். சுற்று அதிகம், தூரம் குறைவு. அவிநாசியும் பல்லடமும் நகரிலிருந்து சுமார் 15 கி.மீ. நாள் முழுக்க அலைந்தாலும் 60 கி.மீ., மிஞ்சினால் 80 கி.மீ. கோவை விமான நிலையம் போய்த் திரும்பினாலும் 100 கி.மீ.க்குள் முடிந்துவிடும்.

2020 ஜனவரியில் வந்த முதல் நெக்ஸான் மின்காரின் பேட்டரி 30.2 யூனிட் கொள்ளளவு கொண்டது. நம் சாலையில், ஏசி போட்டு ஓட்டினாலும், அது ஏறத்தாழ 200 கி.மீ. தரும். பின்னால் வந்தவற்றில் 40 யூனிட்டைத் தாண்டிய பேட்டரிகளே நிறைய. ஆக, நாள் முழுக்க ஓடிய பிறகும் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும்.

நெரிசலைக் காரணம் காட்டுவோர் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். புஷ்பா தியேட்டர் சந்திப்பில் நிற்கும்போது பெட்ரோல் எஞ்சின் ஓடிக்கொண்டே எரிக்கிறது, கிளட்ச் தேய்கிறது. மின்மோட்டார் நின்றால் நின்றதுதான்; ஏசி மட்டுமே மின்சாரம் எடுக்கும். வேகத்தைக் குறைக்கும்போது சக்தியில் ஒரு பங்கு பேட்டரிக்கே திரும்புகிறது. நின்று நின்று போகும் ஊர் மின்காருக்குத்தான் பொருத்தம்.

சென்னைப் பயணம் வேறு கதை. 450 கி.மீ.க்கு வழியில் இரண்டு இடத்திலாவது நிறுத்தி, ஒவ்வொன்றிலும் முக்கால் மணி நேரம் போல் ஏற்ற வேண்டும். கோவையைச் சேர்ந்த ஜியான் உட்படப் பல நிறுவனங்கள் நெடுஞ்சாலைகளில் வேக சார்ஜர்களை வைத்திருக்கின்றன. இருந்தாலும் பெட்ரோல் காரை விட நேரம் கூடும் என்பது உண்மை. ஆனால் வருஷத்துக்கு நாலு தடவை போகும் சென்னையை வைத்து மீதி 300 நாள் ஓட்டத்தைத் தீர்மானிப்பது முறையா? 2023 ஏப்ரலிலிருந்து சென்னை வந்தே பாரத் ரயிலும் திருப்பூரில் நின்று போகிறது.

"கரண்ட் பில்லே பெட்ரோல் காசைத் தின்றுவிடும்"

இந்த அச்சத்துக்கு ஓர் அடிப்படை உண்டு. தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல்; 1,000 யூனிட்டைத் தாண்டினால் 11 ரூபாய்க்கு மேல். இரண்டு ஏசி ஓடும் வீட்டில் காருக்குப் போகும் யூனிட்டெல்லாம் மேல்படி விலையில்தான் வந்து விழும். "வெறும் நாலு ரூபாய் கரண்ட்" என்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம்.

ஆகவே எனக்குச் சாதகமில்லாத விலையிலேயே கணக்குப் போடுகிறேன். யூனிட் 12 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 40 கி.மீ., மாதம் 25 நாள் என்றால் இரண்டு மாதத்தில் 2,000 கி.மீ. சார்ஜ் ஏறும்போது போகும் இழப்பையும் சேர்த்து யூனிட்டுக்கு 6.5 கி.மீ. என்று கொண்டால், ஏறத்தாழ 310 யூனிட் ஆகும். அதற்கு 3,700 ரூபாய். 500 யூனிட்டைத் தாண்டுவதால் கைநழுவும் சலுகைக்குச் சில நூறு ரூபாயைக் கூட்டினாலும் கணக்கு பெரிதாக மாறாது. நகருக்குள் லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் கார் அதே தூரத்துக்கு 133 லிட்டர் குடிக்கும். லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிய விலையில் அது 13,400 ரூபாய். இரண்டு மாதத்தில் வித்தியாசம் 9,700 ரூபாய். வருஷத்துக்கு 58,000 ரூபாய்.

வெளியே வேக சார்ஜரில் யூனிட் 20 ரூபாய்க்கு மேல் போகும். முழுக்க அங்கேயே ஏற்றினால் மிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும். எனவே மின்காரின் லாபம் வீட்டிலோ கம்பெனியிலோ உள்ள பிளக்கில்தான் இருக்கிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

"விலையே மூன்று, நான்கு லட்சம் கூட"

உண்மை. ஆனால் கணக்கு ஷோரூம் விலையோடு முடிவதில்லை. 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதமும், 10 முதல் 20 லட்சம் வரையுள்ள காருக்கு 15 சதவீதமும் சாலை வரி. மின்வாகனங்களுக்கு விலக்கு தந்துவருகிறார்கள். அது எந்தத் தேதி வரை என்பதை வாங்குமுன் ஆர்டிஓ அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏனென்றால் கணக்கின் உயிர் அதில் இருக்கிறது.

10 லட்ச ரூபாய் பெட்ரோல் கார் வரியோடு 11.3 லட்சம் ஆகிறது. அதே ரக மின்கார் 13.5 லட்சம் என்று கொண்டால் இடைவெளி 2.2 லட்சம். வருஷத்துக்கு 12,000 கி.மீ. ஓட்டுபவருக்கு அது நான்கு வருஷத்துக்குள் வந்துவிடும், 24,000 கி.மீ. ஓட்டுபவருக்கு இரண்டு வருஷம். எஞ்சின் ஆயில், ஃபில்டர், கிளட்ச் செலவு இல்லை என்பது இதற்கு மேல். விலக்கு இல்லாமல் 15 சதவீதம் கட்ட நேர்ந்தால், 12,000 கி.மீ. ஓட்டுபவருக்கு ஏழு வருஷம் ஆகும்.

2025 செப்டம்பரில் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததையும் மறக்கக் கூடாது. மின்காருக்கு 5 சதவீதம்தான் என்றாலும், சிறிய ரகங்களில் இடைவெளி கொஞ்சம் கூடியிருக்கிறது. கடன் வட்டியையும் சேர்த்துப் பாருங்கள். மாதம் 500 கி.மீ. மட்டும் ஓட்டுபவரும், அதிகம் ஓட்டாமல் மூன்று வருஷத்தில் காரை மாற்றும் பழக்கம் உள்ளவரும் மின்கார் வாங்கி மிச்சம் பார்க்க முடியாது. ஓட ஓடத்தான் லாபம். ஓட்டமே தொழிலான ஊருக்கு "ஆகாது" என்று சொல்வது அதனால்தான் தவறு.

"கரண்ட் நின்றால் கார் நிற்கும்"

2012இல் இந்த ஊர் பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. ஜெனரேட்டர் டீசலுக்கே சம்பாத்தியம் போனது. அந்த நினைவுதான் இன்றும் பேசுகிறது. ஆனால் இன்றைய நிலைமை அதுவல்ல. மாதாந்திரப் பராமரிப்புக்காக நிறுத்துவது பகலில்; கார் சார்ஜ் ஏறுவது இரவில். 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட் ஏறும். 40 கி.மீ. ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், 80 கி.மீ.க்கு நான்கு மணி நேரம் போதும். ஓரிரவு முழுக்க கரண்ட் இல்லாவிட்டாலும் பேட்டரியில் மிச்சமிருப்பதை வைத்து மறுநாள் ஓட்டலாம்.

உண்மையில் தொல்லை தருவது எர்த். நம் பக்கத்து மண் கோடையில் காய்ந்து போகும். எர்த் குழி வறண்டால் சார்ஜர் மின்சாரத்தை ஏற்காது. அது பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. குழிக்கு உப்பும் கரியும் போட்டு, வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றி வர வேண்டும். காருக்கென்று தனி ஒயரும் தனி எம்சிபியும் இழுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஒருபோதும் சொருகாதீர்கள். ஈபி ஆபீஸில் எழுதிக் கொடுத்து வீட்டு இணைப்பின் பளுவைக் கூட்டிக்கொள்ளுங்கள். இருக்கும் இணைப்பிலேயே வீட்டிலும் அலுவலகத்திலும் காரை ஏற்றிக்கொள்ளலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறை சொல்கிறது.

"பேட்டரி ஐந்து வருஷத்தில் செத்துவிடும்"

பெரும்பாலான நிறுவனங்கள் பேட்டரிக்குத் தரும் வாரண்டி 8 வருஷம் அல்லது 1.6 லட்சம் கி.மீ. ஒரு சார்ஜுக்கு 200 கி.மீ. என்றால் 1.6 லட்சம் என்பது 800 முழுச் சார்ஜ். இன்று பல கார்களில் வரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் அதைப் போலப் பல மடங்கு சுற்றுகளைத் தாங்கக்கூடியவை. காலப்போக்கில் கொள்ளளவு குறையும் என்பதை மறுக்கவில்லை. 200 கி.மீ. ஓடிய கார் 140 கி.மீ.க்கு இறங்கினாலும், நாளுக்கு 80 கி.மீ. ஓடுபவரின் வேலை நிற்காது.

பேட்டரிக்கு எதிரி வெப்பம். சித்திரை வெயிலில் திறந்த வெளியில் நிறுத்துவதைத் தவிருங்கள். நெடுந்தூரம் ஓட்டிய சூட்டோடு வேக சார்ஜரில் போடாதீர்கள். அன்றாடத் தேவைக்கு மெதுவான வீட்டுச் சார்ஜே பேட்டரிக்கும் நல்லது, பர்ஸுக்கும் நல்லது.

"கரண்ட்டே நிலக்கரியில்தானே வருகிறது"

இதையும் கணக்கால் பார்ப்போம். இந்திய மின்கட்டமைப்பில் சராசரியாக ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோவை ஒட்டிக் கரியமில வாயு வெளியேறுகிறது. மேலே சொன்ன 2,000 கி.மீ.க்கு மின்கார் கணக்கில் சுமார் 217 கிலோ. பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ, 133 லிட்டருக்கு 306 கிலோ. நிலக்கரி மிகுந்த கரண்டிலேயே கால்பங்குக்கு மேல் குறைவு. பேட்டரி செய்யும்போது வெளியேறும் வாயுவைச் சேர்த்தால் முதல் சில வருஷங்களில் இந்த வித்தியாசம் சுருங்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் திருப்பூர்க்காரர் இந்த வாதத்தைச் சொல்லலாமா? பல்லடத்திலிருந்து உடுமலை வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சுற்றும் காற்றாலைகளில் எத்தனையோ நம் மில்களும் பனியன் கம்பெனிகளும் நிறுவியவை. மே முதல் செப்டம்பர் வரை அந்தக் காற்று இரவிலும் வீசுகிறது. கூரையிலோ வெயிலுக்குப் பஞ்சமில்லை. நாளுக்கு 40 கி.மீ. ஓட்டத்துக்கு வேண்டிய ஆறேழு யூனிட்டை 2 கிலோவாட் சோலார் தகடே தந்துவிடும். அந்த அளவுக்கு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீட்டுத் திட்டத்தில் 60,000 ரூபாய் மானியம் உண்டு.

எங்கே அவர்கள் சொல்வது சரி

லைன் வீட்டில் குடியிருப்பவருக்கும், தெருவில் நிறுத்துபவருக்கும், பார்க்கிங்கில் பிளக் போட சங்கம் ஒத்துக்கொள்ளாத அடுக்குமாடிவாசிக்கும் மின்கார் இன்று ஆகாது. அவர்களுக்கு வேக சார்ஜர்தான் கதி. அந்த விலையில் நான் போட்ட கணக்கு நிற்காது. சூப்பர்வைசர், பேட்டர்ன் மாஸ்டர், கணக்காளர் என்று இந்தத் தொழிலைத் தாங்குபவர்களில் பெரும்பாலோர் இந்த நிலையில் இருப்பவர்கள். மின்கார் முதலாளிக்கு மட்டும் மிச்சம் தரும் வண்டியாக நின்றுவிடுமோ என்பதுதான் என் உண்மையான கவலை.

அதற்கு விடை கம்பெனி வாசலில் இருக்கிறது. ஆட்களின் வண்டிகள் காலையிலிருந்து இரவு வரை நிற்பது அங்கேதான். கூரையில் சோலார் போட்டிருக்கும் கம்பெனிகள், பார்க்கிங் ஷெட்டில் சில 15 ஆம்பியர் பிளக்குகளும் ஒரு சப் மீட்டரும் வைத்தால், பகல் கரண்ட்டை நேராக வண்டிகளுக்கு ஏற்றிக்கொள்ளலாம். பயன்படுத்திய யூனிட்டுக்கு அடக்க விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளட்டும். காரை விட அதிகமாக மின் ஸ்கூட்டர்கள் இதனால் பயன்பெறும். ஒரு தையல் மெஷின் வாங்கும் செலவை ஒட்டியே இது முடியும்.

"நம்ம ஊருக்கு ஆகாது" என்ற வாக்கியத்தை இந்த ஊர் முன்பும் கேட்டிருக்கிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாமல் சாயம் போடுவது நடக்காத காரியம் என்றார்கள். நட்டமும் துயரமும் பட்டுத்தான் திருப்பூர் அதைச் செய்தது. இன்று வெளிநாட்டு பையரிடம் முதலில் சொல்லிக்கொள்ளும் பெருமையும் அதுதான். மின்காருக்கு நீதிமன்ற ஆணை தேவையில்லை, அவ்வளவு நட்டமும் இல்லை. மாதம் ஆயிரம் கி.மீ.க்கு மேல் ஓடுகிறவர், சொந்தமாக ஒரு பிளக் உள்ளவர், அடுத்த காருக்கு முன்பணம் கட்டுமுன் ஒரு மாத ஓட்டத்தையும் பெட்ரோல் பில்லையும் எழுதி வைத்துக் கூட்டிப் பார்க்கட்டும். கம்பெனி நடத்துகிறவர் தன் ஆட்களுக்கும் அந்தப் பிளக்கைத் தரட்டும். இரண்டையும் செய்தபின் "ஆகாது" என்று சொல்ல இந்த ஊரில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.